கைக்கு எட்டுற இடம்

அப்படி ஒரு கோப்பு இல்லை. மூணாவது தடவையும் அதையேதான் சொல்லுது. இருக்கு சனியனே, பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நான்தானே என் கையால அங்க கொண்டுபோய் வச்சேன், எப்படி இல்லாம போகும். மணி மூணு நாப்பத்திரண்டு. பதறாதே வடிவு. பதறினா விரல் தப்பா அடிக்கும், இப்போ ஒரு தப்புக்கு மேல இன்னொரு தப்புக்கு இடமில்ல. மூச்சை விடு. கறுப்புத் திரையில அந்த வெள்ளைக்கோடு மட்டும் சிமிட்டிக்கிட்டு இருக்கு, என்ன வேணும் கேளுன்னு. என்ன கேட்டாலும் இல்லைங்கும். பட்டியல் காட்டுன்னேன், இல்லை. நகல் எடுன்னேன், இல்லை. பழைய இடத்துக்கே திருப்பி வைன்னேன், இல்லை. நூத்துச்சொச்சம் கருவி அந்த மெஷின்ல. தினம் காலையில உக்காந்ததும் கை தானா தேடிப்போற கருவிங்க, இருபத்தாறு வருஷமா என் விரல் நுனியில கெடக்கற ரெண்டெழுத்து மூணெழுத்துப் பேருங்க, அத்தனையும் ஒரே வரியில போச்சு. போகல. இடம் மாறியிருக்கு. நான்தான் மாத்தினேன். மெஷின் இங்கேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு மேல, கடற்கரையில, பூட்டின ரூமுக்குள்ள உக்காந்திருக்கு. நான் பாளையங்கோட்டையில, எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில, சந்தனப்பொட்டு வச்ச லேப்டாப்புக்கு முன்னாடி. இன்னைக்கு ஆயுத பூஜை.

அஞ்சு மணிக்கு மெசேஜ் போகணும். அந்த மெஷின் ஒண்ணும் பெரிய மெஷின் இல்ல. காலையில பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சு, ரெண்டு நேரமும் காத்து எப்படி, அலை எப்படி, எவ்வளவு தூரம் போகலாம், எப்போ திரும்பணும்னு நாலு வரி, இருநூத்தி அறுபது படகுல இருக்கற கருவிக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதோட வேலை. அதைப் பாத்துக்கறதுக்குத்தான் எனக்கு சம்பளம். இன்னைக்கு சாயங்கால மெசேஜ் என்னன்னு எனக்குத் தெரியும், மதியமே வந்து வரிசையில நிக்குது. ராத்திரி எட்டு மணிக்கு மேல காத்து அம்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வீசும், கடல்ல தங்க வேண்டாம், உடனே கரை திரும்பவும். காலையில போன மெசேஜ்ல காத்தே இல்ல. காலையில கெளம்பினவன் அதை நம்பித்தான் இன்னும் கடல்லயே இருக்கான். அஞ்சு மணிக்கு, அனுப்புற புரோகிராம் எந்திரிச்சு முதல் வேலையா தேதி பாக்கற கருவியைக் கூப்பிடும், அது இல்லைன்னதும் பேசாம திரும்பப் படுத்துக்கும். யார்ட்டயும் சொல்லாது. அதை எழுதினதே நான்தான், தப்பாச்சுன்னா சத்தம் போடாம நின்னுக்கோன்னு. கையால அனுப்பலாம்னா படகு நம்பர் அத்தனையும் அந்த மெஷினுக்குள்ளயே இருக்கு. சென்னை ஆபீசுக்கு அடிச்சேன், மணி அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு, லீவு. லீவுன்னுதானே நானும் இந்த நாளைப் பார்த்து எடுத்தேன், பதினொரு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு.

எதுக்கு இதெல்லாம். எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்கற ஆசை, வேற என்ன. அந்த மெஷின்ல கருவிங்க ரெண்டு இடத்துல இருந்துச்சு, வாசலை ஒட்டி ஒரு சின்னப்பெட்டி, உள்ள தள்ளி ஒரு பெரியபெட்டி. ஏன் ரெண்டுன்னு கேட்டா, அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும், எங்கயோ வெளிநாட்டு லேப்ல ரெண்டு மூணு பேர் உக்காந்து இந்த மாதிரி சிஸ்டத்தை முதல்முதலா எழுதும்போது அவங்க டிஸ்க் நிரம்பிப்போச்சு. நிரம்பினதும் மிச்சத்தை ரெண்டாவது டிஸ்க்ல கொட்டினாங்க. அவ்வளவுதான் கதை. இடம் பத்தல. அப்புறம் வந்தவங்க அதுக்கு ஒரு நியாயம் சொன்னாங்க, பெரியபெட்டி என்னைக்காவது திறக்காம போனா அதைத் திறக்க வேண்டிய கருவி சின்னப்பெட்டியில, கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்னு. அதைக் கேட்டு சிரிச்சவ நான். சென்னையில ஒரு கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு அரைமணி நேரம் பேசினவ. இந்தக் காலத்துல எந்த டிஸ்க் நிரம்புது, எந்தப் பெட்டி திறக்காம போகுது, ரெண்டு இடத்துல வச்சா ரெண்டு இடத்துல தேடணும், ரெண்டு இடத்துல பூட்டணும், குடித்தனம் பண்ணுறவ எவளாவது அப்படி வைப்பாளான்னு கேட்டேன். கைதட்டினாங்க. புது சிஸ்டமெல்லாம் இப்போ அப்படித்தான், எல்லாக் கருவியும் பெரியபெட்டிக்குள்ள, சின்னப்பெட்டி இருந்த இடத்துல வெறும் ஒரு பலகை, அங்க போய்ப் பாருன்னு. பலகை மாட்டாத மெஷின்ல புது சிஸ்டத்தை ஏத்தவே முடியாது. அதைச் செய்யறதுக்குன்னே ஒரு புரோகிராம் தர்றாங்க, அதுகிட்டயே விட்டிருக்கலாம். நான் விடமாட்டேன். பதினோரு மெஷின்ல என் கையாலயே மாத்தினேன். இது பன்னெண்டாவது.

பேப்பர்ல நாலு வரிதான். என் கையெழுத்து, பதினோரு தடவை மடிச்சுப் பிரிச்ச மஞ்சள் பேப்பர். ஒண்ணு, சின்னப்பெட்டியில இருக்கறதையும், கருவிங்களுக்கு உதவுற ஆளுங்க இருக்கற துணைப்பெட்டியில இருக்கறதையும் பெரியபெட்டிப் பக்கம் நகல் எடு. ரெண்டு, யார் துணையும் இல்லாம தனியா ஓடுற நாலு கருவியை ஓரமா ஒரு இடத்துல இறக்கி வை. மூணு, பழைய பெட்டிகளை வேற பேருக்கு நகர்த்து. நாலு, அந்த இடத்துல பலகை மாட்டு. இதுல ரெண்டாவது வரிதான் உயிர். ஏன்னா கருவி ஒவ்வொண்ணும் எந்திரிக்கும்போது துணைப்பெட்டியிலேர்ந்து ஒரு ஆளைக் கூப்பிடும், அந்த ஆளோட விலாசம் கருவி வயித்துக்குள்ளயே எழுதியிருக்கும். பெட்டியை நகர்த்திட்டா அந்த விலாசத்துல ஆள் இருக்க மாட்டான். கருவி புது இடத்துல பத்திரமா இருக்கும், கூப்பிட்டா இல்லைங்கும். பலகை மாட்டினா எல்லாம் சரியாயிரும், ஆனா பலகை மாட்டறதுக்கும் ஒரு கருவி வேணுமே. அதுக்குத்தான் ரெண்டாவது வரி. ரெண்டாவது வரிக்கு எதிரே நான் பென்சில்ல டிக் போட்டிருக்கேன். செய்யாமலே போட்டிருக்கேன். முதல் வரி ஓடி முடிய ஆறு நிமிஷம் இருந்துச்சு, அந்த நேரம் பார்த்து உள்ரூம்லேர்ந்து அவர் கூப்பிட்டார்.

அவர்னா ஆவுடையப்பன், என் வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர். தை மாசம் நெஞ்சுவலி வந்ததுலேர்ந்து கட்டிலும் டிவியுமா கெடக்கார். வலி வந்தா நாக்குக்கு அடியில ஒண்ணு வைங்க, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாதுன்னு டாக்டர் ஒரு மாத்திரை குடுத்திருக்கார். பட்டாணில பாதி இருக்கும் அது. அதை இந்த மனுஷன் அட்டையோட துண்டு துண்டா வெட்டி வீடு பூரா போட்டு வச்சிருந்தார், தலையணைக்கு அடியில ரெண்டு, சட்டைப்பையில ஒண்ணு, டிவி மேல ஒண்ணு, பாத்ரூம் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்துல ஒண்ணு, பழைய ஸ்க்ரூடிரைவர் பைக்குள்ள ஒண்ணு. பூஜைக்கு வீடு சுத்தம் பண்ணும்போது எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அத்தனையும் பொறுக்கி ஒரு டப்பாவில போட்டு, லேபிள் ஒட்டி, அடுப்படி அலமாரியில ரெண்டாவது தட்டுல வச்சேன். மூணரை மணிக்குத் தலையணைக்கு அடியில கையை விட்டுப் பார்த்திருக்கார். ஏ வடிவு, என் மாத்திரையை நீ எங்க வச்சேன்னு சத்தம். போனேன். டப்பாவை எடுத்துட்டு வந்து திறந்து காட்டினேன், எல்லாம் ஒரே இடத்துல இருக்கு, இனி தேட வேண்டாம்னேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்ல.

"எந்திரிச்சு அடுப்படிவரை நடக்க முடிஞ்சா அந்த மாத்திரை என்னத்துக்கு வடிவு?"

வலிச்சா கூப்பிடுங்க, பத்தடி தூரத்துலதானே இருக்கேன்னு சொன்னேன். சொல்லிட்டு டப்பாவை மூடி திரும்பவும் அலமாரியிலயே வச்சேன். கையில இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணை எடுத்து அங்க வச்சிருக்கலாம், வைக்கல. வச்சா நான் சொன்னது தப்புன்னு ஆயிரும்ல. அந்தக் கடுகடுப்போடவே வந்து உக்காந்தேன், நகல் முடிஞ்சிருந்துச்சு, பென்சிலை எடுத்தேன், ஒண்ணு டிக், ரெண்டு டிக், மூணாவது வரியை அடிச்சு என்டரைத் தட்டினேன். தட்டின அந்த நொடியிலயே தெரிஞ்சுபோச்சு. என்டரைத் தட்டின விரல் இன்னும் கீ மேல இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு.

தொபியாசுக்குப் போன் பண்ணினேன். அந்த ரூமோட சாவி அவன்கிட்டதான், அந்தக் கடற்கரை நிலையத்துல இருக்கற ஒரே ஆள். அவன் மணப்பாட்டுல அக்கா மக நிச்சயத்துக்குப் போயிருக்கான், இப்போ கெளம்பினாலும் ரெண்டரை மணி நேரம் ஆகும் மேடம்னான். அவன் வந்தும் புண்ணியமில்லைன்னு எனக்குத் தெரியும். நிறுத்திப் போட்டா அந்த மெஷின் எந்திரிக்கவே எந்திரிக்காது, எந்திரிக்கறதுக்கும் அதே கருவிங்கதான் வேணும். உசிரோட இருக்கறது லேப்டாப் திரையில இந்த ஒரு ஜன்னல் மட்டும்தான், நான் முன்னாடியே திறந்து வச்சது. இதை மூடினா வேற யாரும், நானும்கூட, உள்ள போக முடியாது. இதையெல்லாம் தொபியாஸ்கிட்ட சொல்லல. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்னேன். அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டு, ஏதாச்சும் பிரச்னையா மேடம்னு கேட்டான்.

"எங்க தம்பி காலையிலயே கடலுக்குப் போயிட்டான். தங்குறதா திரும்புறதான்னு அஞ்சு மணி மெசேஜ் பார்த்துத்தான் முடிவு பண்ணுவான்."

பார்ப்போம்னு சொல்லி வச்சுட்டேன். அந்தத் தம்பி பேர்கூட எனக்குத் தெரியாது. பேர் தெரியாத ஒருத்தன் கடல்ல உக்காந்து மணி பார்த்துக்கிட்டு இருப்பான். அஞ்சாகும், படகுல இருக்கற கருவி சத்தம் போடாது, சரி ஒண்ணுமில்ல போலன்னு வலையை இன்னொரு தரம் விடுவான்.

என்டரைத் தட்டு. மறந்துராதே. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் அடிக்காம இருந்தா ஜன்னல் தானா மூடிக்கும், பாதுகாப்புன்னு சொல்லி அந்த விதியையும் வச்ச புத்திசாலி நான்தான். வெறும் என்டர், ஒரு வெள்ளை வரி, இன்னொரு வெள்ளை வரி. எந்திரிச்சுத் தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்கு. எதிர்ல சாமி படத்துக்கு முன்னாடி அவரோட கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூடிரைவரும் குங்குமத்தோட படுத்திருக்கு, பக்கத்துல ரெண்டு புஸ்தகம், பொரிகடலை, அப்புறம் என்னோட பழைய மவுஸ், வேலை செய்யாதது. காலையில லேப்டாப்பைக் கொண்டா வைன்னார், இன்னைக்கு ஒரு நாள் ஆயுதத்தைத் தொடக்கூடாதுன்னார். எனக்கு வேலை இருக்குன்னு மவுசை வச்சேன். உன் சாமர்த்தியம் சரஸ்வதிக்கே வராதுன்னு சிரிச்சுக்கிட்டே, எந்திரிச்சு வந்து, ஓடிக்கிட்டு இருந்த லேப்டாப் முதுகுல சந்தனத்தைத் தடவிட்டுப் போனார். அந்தக் கட்டிங் பிளேயருக்காக அவர் மெமோ வாங்கியிருக்கார். டூல்ஸ் எல்லாம் பஸ்ஸோட பின்னாடி டிக்கியிலதான் இருக்கணும்னு டெப்போவில சட்டம். இவர் அதை ஒரு துணிப்பையில போட்டு டிரைவர் சீட்டுக்கு அடியிலயே தொங்கவிட்டிருப்பார். ஒரு மழைநாள் வண்டி பின்னால சரிஞ்சு மண்சுவத்துல மோதி நின்னுருச்சு, டிக்கி திறக்கல, முன்னாடி வயர்லேர்ந்து புகை. உள்ள அறுபது பேர். இவர் சீட்டுக்கு அடியில கையை விட்டு பிளேயரை எடுத்து வயரை வெட்டினார். ஆறு மாசம் கழிச்சு அதே துணிப்பைக்கு மெமோ வந்துச்சு. இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கேன். அத்தனை தடவை கேட்டும் அவர் தலையணைக்கு அடியில கையை விட்டு மாத்திரையைப் பொறுக்கியிருக்கேன், பாரு.

டிவி சத்தம் நின்னிருக்கு. எப்போ நின்னுச்சு. பட்டிமன்றம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, சிரிப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, இப்போ இல்ல. தூங்கியிருப்பார். தூங்கினா டிவியை அணைக்க மாட்டார், அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு கெடக்கும், நான்தான் போய் அணைக்கணும். கட்டில் ஒருதரம் கிறீச்சுன்னுச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. மணி நாலு அஞ்சு. போய்ப் பார்க்கலாமா. பத்தடி. போயிட்டு வர ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஜன்னல் மூடாது, அஞ்சு நிமிஷம் இருக்கே. ஆனா போனா என்ன வேலை பார்க்கேன்னு கேப்பார், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுருவார், பேச்சு வளரும். இப்போதான் ஏதோ ஒரு நூல் கையில வர்ற மாதிரி இருக்கு, எந்திரிச்சா அறுந்துரும். இதுவும் பொய். பயம். டப்பாவை மூடினவ முகத்தை அவருக்கு இப்போ காட்டணுமேன்னு பயம். இருந்த இடத்துலேர்ந்தே கூப்பிட்டேன், என்னங்க. என்னங்கன்னு இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமா. "ம்"னு வந்துச்சு. ஒரே ஒரு ம். கோபத்துல இருக்கார். இருக்கட்டும். கோபத்துல இருந்தா நல்லா இருக்கார்னு அர்த்தம். என்டரைத் தட்டு.

சரி, என்ன மிச்சம் இருக்கு. எண்ணிப் பாரு. ஷெல் இருக்கு, இந்த ஜன்னல்ல பேசிக்கிட்டு இருக்கறது. அது ஏற்கெனவே நினைவுல ஏறிட்டதால தப்பிச்சுது. அதுக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம், இடம் மாறி நிக்கத் தெரியும், சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியும். திருப்பிச் சொல்லத் தெரியும். இரு. ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு இதைச் சொல்லுன்னா, அந்த இடத்துல இருக்கற பேரையெல்லாம் நட்சத்திரத்துக்குப் பதிலா வச்சுச் சொல்லுமே. பட்டியல் கருவி வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல விளையாட்டா செஞ்சு பார்த்தது, அதுக்கப்புறம் தேவையே வரல. அடிச்சேன். சொல்லுச்சு. பேரு பேரா, வரிசையா, இடம்விட்டு இடம்விட்டு. இருட்டு ரூம்ல சுவத்தைத் தடவிக்கிட்டுப் போறவளுக்குக் கையில ஜன்னல் பட்ட மாதிரி இருந்துச்சு. நகர்த்தின பெட்டிகள் அங்கேயே இருக்கு, புதுப் பேரோட. பெரியபெட்டி இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, நாலாவது பெட்டி, நிர்வாகிங்க மட்டும் தொடற கருவிங்க உள்ளது. அதை நான் இன்னும் தொடல. அடுத்த வாரம் தொடலாம்னு விட்டிருந்தேன். அதுக்குள்ள போய் நட்சத்திரத்தைப் போட்டேன். எழுபது எண்பது பேரு வந்து விழுந்துச்சு. இதுலயும் முக்கால்வாசிக்குத் துணைப்பெட்டி ஆள் வேணும். வேண்டாதது எது. மேலேர்ந்து கீழ படிச்சேன், கீழேர்ந்து மேல படிச்சேன், பாதியில கண்ணு தட்டி நின்னுச்சு. எஸ், எல், என்.

அடப்பாவி. இதை எனக்குத் தெரியும். பலகை மாட்டற கருவிதான், ஆனா அதோட தம்பி. வேற ஒண்ணும் தெரியாது, உதவி செய்யின்னு கேட்டாக்கூட ரெண்டு வரிக்கு மேல பேசாது. யார் துணையும் கேக்காது, தனக்கு வேண்டியது அத்தனையும் தன் வயித்துக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கும். அதனால செய்யற சின்ன வேலைக்கு ஆளு கனம் ஜாஸ்தி. பதினோரு மெஷின்லயும் இதை நான் அழிச்சிருக்கேன். நீக்க வேண்டியவைன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கேன், அதுல ஆறாவது பேரு இது, எதிரே காரணம் எழுதியிருக்கேன், பெரியபெட்டியில இதே வேலைக்கு நல்ல கருவி இருக்கு, இது வீண்னு. இந்த மெஷின் கடைசியா இருந்ததால பிழைச்சுக் கெடக்கு. யாரோ ஒருத்தன், என்னைக்கோ, எங்கயோ உக்காந்து, துணைப்பெட்டியையே நகர்த்திட்டு முழிக்கற ஒருத்தி பின்னாடி வருவான்னு நெனைச்சு இதைப் பண்ணி வச்சிருக்கான். வெறும் அவளுக்காக மட்டும். வருஷக்கணக்கா யாரும் கூப்பிடாம அங்கயே உக்காந்திருக்கு. கண்ணைப் புறங்கையால துடைச்சேன். அழறதுக்கு இதுவா நேரம், மணி நாலு இருபது.

எழுத்து எழுத்தா அடி. சத்தமா வாசி. முதல்ல துணைப்பெட்டிக்குப் பலகை, அப்புறம்தான் சின்னப்பெட்டிக்கு. முன்னாடி எது பின்னாடி எது, நல்லா பாரு, இந்தக் கருவி கேள்வி கேக்காது, தலைகீழா சொன்னா தலைகீழா மாட்டிரும். மூணு தரம் வாசிச்சேன். என்டர் மேல விரலை வச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன், இதே விரல்தானே. தட்டினேன். ஒண்ணும் சொல்லல. எங்க தொழில்ல ஒண்ணும் சொல்லலைன்னா நல்லதுன்னு அர்த்தம். ரெண்டாவதையும் அடிச்சேன், அதுவும் பேசல. கையெல்லாம் வேர்வை, புடவையில தொடச்சுக்கிட்டேன். பட்டியல் காட்டுன்னு ரெண்டே எழுத்து அடிச்சேன். கொட்டுச்சு. மடமடன்னு அத்தனை பேரும், நீலத்துல பச்சையில, திரை நிறைய. தேதி கேட்டேன், சொல்லுச்சு. அனுப்புற புரோகிராமைப் பார்த்தேன், அஞ்சு மணிக்குத் தயாரா இருந்துச்சு. நாலு இருபத்தெட்டு. என் நம்பருக்கு மட்டும் ஒரு சோதனை மெசேஜ் அனுப்பினேன், போன் மேசையில நடுங்குச்சு. அதுக்கப்புறம்தான் நெத்தியை மேசையில வச்சு அழுதேன், கொஞ்ச நேரம். பேர் தெரியாத அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆகலைன்னு அழுதேன், எவ்வளவு பெரிய முட்டாள்னு யாருக்கும் தெரியாம தப்பிச்சேன்னும் அழுதேன்.

மூஞ்சியைக் கழுவிட்டு காப்பி போட்டேன். சமாதானத்துக்குத்தான். டம்ளரை எடுத்துக்கிட்டு, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிக்கலாம்னு உள்ள போனேன். அவர் படுத்திருக்கல. கட்டில்ல சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார், காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு. சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு, ஃபேன் ஓடுது, மனுஷன் நனைஞ்சிருக்கார். முகம் சாம்பல் மாதிரி. நான் டம்ளரை எங்க வச்சேன்னு ஞாபகமில்ல. கையைப் பிடிச்சேன், சில்லுன்னு இருந்துச்சு. போயிருச்சு, இப்போ ஒண்ணுமில்லைன்னார். கட்டில்ல, அவர் தொடைக்குப் பக்கத்துல, அட்டைத்துண்டு ஒண்ணு கிழிஞ்சு கெடந்துச்சு. ஏதுன்னு கேட்டேன். வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினார். நான் வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்ச அன்னைக்கே ஒண்ணை எடுத்து மடியில சொருகிட்டாராம், ஒருநாள் இதெல்லாம் காணாம போகும்னு தெரிஞ்சு. எப்போ வலிச்சுதுன்னு கேட்டேன். நாலு மணி இருக்கும்னார். கூப்பிட்டிருக்கலாம்ல, பத்தடியிலதானே இருந்தேன்னு கேட்டேன். குரல் கீச்சுன்னு வந்துச்சு, திட்டற மாதிரி.

"நீதான கூப்பிட்டே. ம்னேன்லா. வாயில மாத்திரை கெடந்துது."

அவ்வளவுதான் சொன்னார். நீ வேலையா இருந்தேன்னுகூடச் சொல்லல. நான் அவர் காலடியில, தரையில உக்காந்துட்டேன். கோபத்துல இருக்கார்னு நெனைச்சேன். கோபத்துல இருந்தா நல்லா இருக்கார்னு நெனைச்சேன். அந்த ஒரு எழுத்தை வச்சுக்கிட்டு எனக்கு வேண்டிய அர்த்தத்தைப் பண்ணிக்கிட்டு என்டரைத் தட்டினேன். தப்பு என்மேலங்க, தப்பு என்மேலன்னு சொன்னேன், ரெண்டு தரம். சரி விடு, காப்பி ஆறுதுன்னார்.

டாக்டர் போன்ல உடனே கூட்டிட்டு வரச் சொன்னார். ஆட்டோவுக்கு அடிச்சேன். மாலை போட்டு நிறுத்தியாச்சுக்கா, இன்னைக்கு வண்டியைத் தொடக்கூடாதுல்லான்னான் அந்தப் பையன், விஷயத்தைச் சொன்னதும் இந்தா வாரேன்னு வச்சுட்டான். அவருக்குச் சட்டை மாத்திவிட்டேன். அடுப்படியிலேர்ந்து டப்பாவையும் கத்தரிக்கோலையும் எடுத்துட்டு வந்து கட்டில்ல உக்காந்தேன். அஞ்சுக்குப் போன் நடுங்குச்சு, காத்து அம்பத்தஞ்சு கிலோமீட்டர், உடனே கரை திரும்பவும். கொஞ்ச நேரத்துல தொபியாஸ் அனுப்பியிருந்தான், தம்பி திரும்புறானாம் மேடம். மஞ்சள் பேப்பருக்குப் பின்னாடி இருந்த நீக்க வேண்டியவை பட்டியல்ல ஆறாவது பேரைப் பென்சிலால கோடு போட்டு அடிச்சேன். மத்த பதினோரு மெஷின்லயும் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கணும், நாளைக்கு. அப்புறம் புது அட்டை ஒண்ணை எடுத்து ஒவ்வொரு மாத்திரையா வெட்டினேன். தலையணைக்கு அடியில ரெண்டு, சட்டைப்பையில ஒண்ணு, டிவி மேல ஒண்ணு, சோப்பு டப்பா பக்கத்துல ஒண்ணு, சாமி முன்னாடி இருந்த ஸ்க்ரூடிரைவர் பைக்குள்ள ஒண்ணு. அவர் கையை நீட்டினார், ஒண்ணு குடுத்தேன், மடியில சொருகிக்கிட்டார். வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. இன்னொண்ணை வெட்டி என் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சேன்.